கூஸ் குஞ்சின் இறக்கை வெளியே திரும்பினால் அன்றைக்கே கட்டிவிடுங்கள்

வீட்டில் கூஸ் வாத்துக் குஞ்சு வளர்ப்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று மாலை குஞ்சுகள் மேய்ந்து திரும்பும்போது அவற்றுக்குப் பின்னால் நின்று, இரண்டு இறக்கைகளின் நுனியும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். மடங்கிய இறக்கையின் நுனி உடலோடு ஒட்டி, வாலை நோக்கிப் படிந்திருக்க வேண்டும். அது உடலைவிட்டு விலகி வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால், சரிசெய்ய உங்களுக்கு இருப்பது சில நாட்கள் மட்டுமே. இதை யாராவது என்னிடம் முன்பே சொல்லியிருந்தால் என் இரண்டு பறவைகளும் இன்று ஒரே மாதிரி இறக்கையை மடக்கிக்கொண்டு நடந்திருக்கும். ஒன்றுக்குச் சரியாகிவிட்டது. மற்றதற்கு ஆகவில்லை. இரண்டுக்கும் ஒரே கட்டுத்துணி, ஒரே கைகள், ஒரே தீவனம். வயது மட்டும்தான் வேறு.

அவை என்னிடம் வந்தபோது சின்னது மூன்று வாரக் குஞ்சு, பெரியது அதைவிட இரண்டு வாரம் மூத்தது. கொடுத்தவர் பிராய்லர் கோழிக்குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீவனத்தைத் தட்டு நிறையப் போட்டு வளர்த்திருந்தார். இதையே தொடர்ந்து கொடுங்கள், சீக்கிரம் எடை ஏறும் என்றும் சொல்லி அனுப்பினார். எடை ஏறியது உண்மைதான். பொரித்து வெளியே வரும்போது 100 கிராம் அளவில் இருக்கும் ஒரு கூஸ் குஞ்சு, பெரிய இனமாக இருந்தால் எட்டு வாரத்தில் 4 கிலோவை எட்டிவிடும். அவ்வளவு வேகமாக வளரும் உடலில் ஏதாவது ஒன்று பின்தங்கும் என்பது அப்போது என்னைச் சுற்றியிருந்த யாருக்கும் தோன்றவில்லை. பெரியதன் இடது இறக்கை கொஞ்சம் கீழே தொங்குவதைப் பார்த்து நான் விசாரித்தபோது, பறவை வளர்த்துப் பழகிய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இறகு முளைக்கும் கனத்தில் அப்படித்தான் தொங்கும், தானாகச் சரியாகிவிடும்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. கூஸ் குஞ்சுக்கு உடம்பெல்லாம் இறகு வந்த பிறகுதான் இறக்கையின் நீண்ட இறகுகள் வளரத் தொடங்கும். வளரும்போது ஒவ்வோர் இறகின் தண்டுக்குள்ளும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நீலம் கலந்த கருமையான குழல்கள் வரிசையாகத் தெரியும். அவை நிஜமாகவே கனமானவை. நன்றாக ஓடிவிட்டுக் களைத்த குஞ்சு மாலையில் இரண்டு இறக்கைகளையும் சற்றுத் தொங்கவிட்டபடி நிற்பதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஓய்வெடுத்ததும் தூக்கி மடக்கிக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது நுனி திரும்புவதைப் பார்த்து. நம் கையின் மணிக்கட்டுக்கு இணையான மூட்டு ஒன்று இறக்கையின் கடைசியில் இருக்கிறது. இறகுகளின் கனத்தைத் தாங்கும் வலு அந்த மூட்டைச் சுற்றியுள்ள தசைக்கும் தசைநாருக்கும் இன்னும் வராத நிலையில், அதற்கு அப்பால் உள்ள எலும்பு மெல்ல வெளிப்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. அப்போது நீண்ட இறகுகள் மற்ற இறகுகளுக்கு அடியில் போய்ப் படியாமல், பக்கவாட்டில் கத்தி போல நீட்டிக்கொண்டு நிற்கும். இதைத்தான் ஏஞ்சல் விங் என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பெரும்பாலும் அது இடது இறக்கையாகத்தான் இருக்கும். இரண்டிலும் வருவதும் உண்டு.

தொங்குவதையும் திரும்புவதையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பிறகு கிடைத்த வழி எளிமையானது. குஞ்சைப் பிடித்து, இறக்கையை உங்கள் கையால் மெதுவாக மடக்கி உடலோடு வைத்துவிட்டுக் கையை எடுங்கள். சும்மா தொங்கிய இறக்கை என்றால் அப்படியே நிற்கும், அல்லது நேராகக் கீழே இறங்கும். திரும்பத் தொடங்கிய இறக்கையின் நுனி வெளிப்பக்கமாகச் சுழன்று வந்து நிற்கும். மடக்கும்போது எந்தத் தடையும் இல்லாமல் இயல்பாக மடங்கினால் எலும்பு இன்னும் இளசாக இருக்கிறது, கட்டினால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூட்டு இறுகி, அழுத்தினால்தான் மடங்குகிறது என்றால் காலம் கடந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் பலம் கொடுத்து வளைக்கவே கூடாது.

பெரியதன் இறக்கை நீட்டிக்கொண்டு நிற்பது நன்றாகத் தெரிந்த பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் மாடும் நாயும் நிறையப் பார்த்தவர், கூஸ் வாத்து அதிகம் பார்த்ததில்லை. மூட்டு விலகியிருக்கலாம் என்று ஓர் ஊசி போட்டு, தண்ணீரில் கலந்து கொடுக்க வைட்டமின் மருந்தும் எழுதிக் கொடுத்தார். அவர் அக்கறையாகத்தான் பார்த்தார். ஆனால் அந்த மருந்து வேலை செய்யும் என்று நான் காத்திருந்த நாட்கள்தான் திரும்பக் கிடைக்காதவை. மருந்துக் கடையில் இன்னொருவர் சொன்னதை நம்பிக் கால்சியம் டானிக்கும் வாங்கினேன். பிறகு தீவனத்தோடு கலக்கும் சத்து மாவு. எல்லாம் சேர்த்து, இரண்டு குஞ்சுகளை வாங்கிய விலையைவிட அதிகமாகச் செலவாகிவிட்டது. பணம் போனது வருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் கொட்டிலைத் திறந்து, அந்த இறக்கை நேற்றைவிட இன்னும் கொஞ்சம் வெளியே வந்திருப்பதைப் பார்த்தபோது வந்த இயலாமை அதைவிடப் பெரியது. கேட்க ஆள் இல்லை. ஒரு வாத்துக்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்று கேட்டவர்களிடம் விளக்கிச் சொல்லவும் மனம் வரவில்லை.

மருந்து பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாங்கனீசு, வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவற்றின் குறைபாடும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சொல்வார்கள். வாத்து இனங்களுக்குக் கோழிக்குஞ்சைவிட நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் தேவை என்பதும் உண்மை. அது குறைந்தால் கால்கள் வளையும். அதற்கு ஈஸ்ட் கலந்து கொடுப்பது நல்லது. ஆனால் ஏற்கெனவே திரும்பிவிட்ட எலும்பை எந்தச் சத்து மருந்தும் திருப்பி வைக்காது. அது பக்கபலம் மட்டும்தான். கால்சியத்தை அளவு தெரியாமல் ஊற்றுவது வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

வழி தெரிந்தது வேறொரு கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசியபோது. பறவைகளை மட்டுமே பார்ப்பவர் அவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “வீக்கம் இருக்கிறதா? தொட்டால் கத்துகிறதா?” என்பதுதான். இரண்டும் இல்லை என்றேன். எலும்பு முறிவும் மூட்டு விலகலும் திடீரென்று வரும், வீங்கும், சூடாக இருக்கும், தொடவிடாது. ஏஞ்சல் விங் மெல்ல மெல்ல வரும், வலி இருக்காது, பறவை வழக்கம்போலத் தின்று நடமாடும். இந்த வேறுபாட்டை அவர் விளக்கிவிட்டு, “மருந்தை விடுங்கள், இன்றைக்கே கட்டுங்கள். இன்னொரு குஞ்சையும் பாருங்கள்” என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் சின்னதைக் காப்பாற்றியது. போய்ப் பார்த்தபோது அதன் இடது இறக்கையின் நுனி விரல் நுழையும் அளவுக்கு விலகத் தொடங்கியிருந்தது. சும்மா பார்த்தால் தெரியாது.

கட்டுவது எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதுதான் பெரும் போராட்டமாக இருந்தது. தேவையானது தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி. விலங்குகளுக்கான மருந்துக் கடைகளில் வெட் ராப் என்று கேட்டால் தருவார்கள். இறகிலும் தோலிலும் ஒட்டாது என்பதுதான் அதன் சிறப்பு. குஞ்சுக்கு அகலமான துணி சரிவராது. இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளவாக்கில் கத்தரித்துக்கொள்ளுங்கள். தனியாகக் கட்ட முயல வேண்டாம், ஒருவர் பிடிக்க ஒருவர் கட்ட வேண்டும். பிடிப்பவர் குஞ்சை மடியில் உட்காரவைத்து, நல்ல இறக்கையைத் தன் உடம்போடு அணைத்துக்கொண்டு, தலைமேல் ஒரு மெல்லிய துணியைத் தளர்வாகப் போட்டால் அது அமைதியாகிவிடும். இறக்கையைப் பிடித்தோ காலைப் பிடித்தோ ஒருபோதும் தூக்கக் கூடாது. கட்டுபவர் முதலில் இறக்கையை அது இயல்பாக மடங்கும் விதத்தில் மடக்க வேண்டும். நுனியில் உள்ள நீண்ட இறகுகள் உள்பக்க இறகுகளுக்கு அடியில் போய்ப் படிய வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல் கட்டினால், கோணலை அப்படியே வைத்துக் கட்டியதாகிவிடும். சந்தேகம் இருந்தால் மறுபக்கத்து நல்ல இறக்கை எப்படி மடங்கியிருக்கிறது என்று பார்த்து அதேபோல வையுங்கள். பிறகு கட்டுத்துணியை மணிக்கட்டு மூட்டுக்கு அருகில் தொடங்கி, மடங்கிய இறக்கையை மட்டும் சுற்றி, எட்டு போல ஒருமுறை குறுக்கே கொண்டுவந்து முடிக்க வேண்டும்.

இரத்தம் ஓடும் குருத்து இறகுகளின் தண்டைப் பிடித்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது முறிந்தால் இரத்தம் நிற்காமல் வழியும். பார்த்தால் பதறிப்போவோம். சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்து, சோளமாவை அப்பினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போயாக வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டு நழுவாமல் இருக்க உடம்பையும் சேர்த்துச் சுற்றிவிடுங்கள் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நமக்கு இருப்பது போல மூச்சுக்கான உதரவிதானம் பறவைகளுக்கு இல்லை. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் அவற்றால் மூச்சுவிட முடியும். நெஞ்சைச் சுற்றி இறுக்கினால், அதுவும் வெயில் நேரத்தில், குஞ்சு மூச்சுத்திணறிச் செத்துவிடும். இரண்டு இறக்கையும் திரும்பியிருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் கட்டுக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். சற்று நேரம் கழித்து இறக்கை நுனியைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தாலோ வீங்கியிருந்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

முதல் கட்டை இரண்டும் அலகால் கொத்திக் கொத்தி விடிவதற்குள் அவிழ்த்துவிட்டன. கட்டுத்துணியின் முனை மேல்பக்கம் இருந்தால் அலகுக்கு எட்டும். முனையை உள்பக்கமாக, உடலை ஒட்டி வரும்படி முடித்து, அதன்மேல் சின்னதாக ஒரு மாஸ்கிங் டேப் துண்டை இறகில் படாமல் ஒட்டிய பிறகு நின்றது. கட்டுப் போட்ட முதல் நாள் இரண்டும் நிலைதடுமாறி ஒரு பக்கம் சாய்ந்து நடந்தன. பெரியது ஓயாமல் கத்தியது. அந்தச் சத்தம் கேட்டு அவிழ்த்துவிடலாமா என்று பலமுறை கை போனது. மறுநாள் பழகிவிட்டன. ஒரு குஞ்சுக்கு மட்டும் கட்டுப் போட்டிருந்தாலும் அதைத் தனியாகப் பிரித்து அடைக்காதீர்கள். துணையைப் பிரித்தால் கூஸ் குஞ்சு தின்னாமல் கத்திக்கொண்டே இருக்கும், கட்டைவிட அதுதான் அதை அதிகம் வாட்டும். நீந்த விடுவதைக் கட்டு இருக்கும்வரை நிறுத்த வேண்டும், நனைந்த கட்டு இறுகும், அடியில் தோல் புண்ணாகும். ஆனால் மூக்குத் துளை வரை அலகை முக்கி அலசிக்கொள்ளும் ஆழத்துக்குத் தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் இருக்க வேண்டும்.

கட்டைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் மறந்துவிடுவதும் தவறு. அசையாத மூட்டு இறுகிவிடும், தசை மெலியும். இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது அவிழ்த்து, கொஞ்ச நேரம் இறக்கையை அடிக்கவும் நீட்டவும் விட்டு, தோலில் சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று பார்த்து, நுனி எங்கே வந்து நிற்கிறது என்று கவனித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் 3 முதல் 7 நாட்களுக்குள் பெரும்பாலும் பலன் தெரிந்துவிடும். சின்னதற்கு முதல்முறை அவிழ்த்தபோதே நுனி பாதி தூரம் உள்ளே வந்திருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. அடுத்தடுத்த கட்டுகளில் முழுதாகப் படிந்துவிட்டது. பெரியதற்கு நானும் விடாமல் கட்டினேன். அவிழ்க்கும்போது நன்றாக இருப்பது போலத் தெரியும், அது ஒருமுறை சிறகடித்ததும் பழையபடி வெளியே வந்துவிடும். இறகுகளின் தண்டில் இரத்தம் வற்றி வெளுத்துவிட்டிருந்தது, மூட்டும் இறுகிவிட்டது. இனி கட்டுவது அதைத் துன்புறுத்துவதுதான் என்று அந்தப் பறவை மருத்துவர் சொன்ன பிறகு நிறுத்தினேன். வளர்ந்து முடிந்த பறவைக்கு அறுவைச் சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் தோற்றத்துக்காகச் செய்ய வேண்டியதில்லை என்றார்.

கட்டோடு சேர்த்து மாற்ற வேண்டியது தீவனம். இதை மாற்றாவிட்டால் ஒரு பக்கம் கட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் திரும்பும். இந்தக் கோளாறுக்கு ஒரே ஒரு காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பரம்பரையும் இருக்கிறது, ஓடியாட இடமில்லாமையும் இருக்கிறது. ஆனால் நம் கையில் இருப்பது வளர்ச்சியின் வேகம்தான். பிராய்லர் ஸ்டார்ட்டரில் புரதம் 22 சதவீதம் அளவில் இருக்கும், அது ஆறு வாரத்தில் எடை போட வேண்டிய கோழிக்காகச் செய்தது. கூஸ் குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் 20 சதவீதம் போதும், அதன் பிறகு 15, 16 சதவீதத்துக்கு இறக்கிவிட வேண்டும். அதைவிட முக்கியம் புல். கூஸ் அடிப்படையில் மேயும் பறவை, பிறந்த முதல் வாரத்திலேயே இளம்புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும். நாள் முழுவதும் தட்டில் தீவனம் நிறைந்திருந்தால் அது மேயாது, நடக்காது, கனம் மட்டும் ஏறும். நான் தீவனத்தைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குக் குறைத்து, மீதி நேரம் வெளியே மேயவிட்டேன். பூச்சிமருந்து அடிக்காத இடமாக இருக்க வேண்டும், முற்றிய நீளமான புல்லை அப்படியே போடாமல் சின்னதாக நறுக்கிப் போட வேண்டும், அரைத்துச் செரிக்கக் கொஞ்சம் பருமணலும் வேண்டும். ரொட்டித் துண்டுகளை அன்பாகப் போடுபவர்களையும் தடுத்து வையுங்கள். அதில் மாவுச்சத்து இருக்கிறது, வளரும் எலும்புக்குத் தேவையானது மிகக் குறைவு. இரவில் தீவனத்தை எடுத்துவிடலாம். தீவனம் இருக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் இருக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பெரியது நலமாகத்தான் இருக்கிறது. நன்றாக மேய்கிறது, நீந்துகிறது, ஆள் வந்தால் முதலில் கழுத்தை நீட்டிச் சீறுவதும் அதுதான். கனமான வீட்டுக் கூஸ் எப்படியும் உயரப் பறப்பதில்லை, எனவே பறக்க முடியாதது அதற்குப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இறகுகள் வேலியிலும் செடியிலும் மாட்டிக்கொள்ளும், சேறு படியும், இழுபட்டு முறியும். அதனால் இறகு முற்றிய பிறகு, தண்டில் இரத்தம் துளியும் இல்லை என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் கத்தரித்துவிடுகிறேன். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது மறுபடி இரத்தம் ஓடும் என்பதால் அந்தக் காலத்தில் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. பரம்பரையாகவும் வரலாம் என்பதால் இரண்டின் முட்டைகளையும் அடைக்கு வைக்கப்போவதில்லை, சரியாகிவிட்ட சின்னதன் முட்டை உட்பட. புதிதாகக் குஞ்சு வாங்குபவர்கள் தாய்ப் பறவைகளின் இறக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, என்ன தீவனம் போட்டார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்கிவரும் அன்றே ஒரு சுருள் கட்டுத்துணியும் வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள்.